இரண்டு நிமிடப் பாட்டும் ஒரு மணி நேர வீடியோவும்

தங்கை வீட்டில் ராத்திரி எட்டு மணி. இரண்டரை வயது மகளுக்கு ரசம் சாதம் ஊட்டும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு அவள் பாத்திரம் துலக்கப் போனாள். போகிற போக்கில் போனை எவர்சில்வர் சொம்பில் சாய்த்து வைத்து ஒரு வீடியோவையும் தட்டிவிட்டாள். மஞ்சள் பஸ் ஒன்று பாடிக்கொண்டே ஓடியது. பஸ் பாட்டு இரண்டு நிமிடம். அதற்குள் நாலு வாய் இறங்கிவிடும், பாட்டு நின்றதும் மீதியைக் கதை சொல்லி ஊட்டிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். பாட்டு நிற்கவே இல்லை. பஸ் போய்ப் பல் தேய்க்கும் பாட்டு வந்தது, அது போய் டாக்டர் ஊசி, அது போய்க் கட்டிலில் குதிக்கும் குரங்குகள். நடுவே ஒரு நொடிகூடத் திரை கறுக்கவில்லை. கிண்ணம் காலியானதும் போனை எடுத்துப் பார்த்தேன். ஓடியதெல்லாம் ஒரே வீடியோ. நீளம் 1 மணி 3 நிமிடம்.

இந்தக் காட்சியைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டு. “போனைக் காட்டிக் காட்டிப் பிள்ளையைக் கெடுக்கிறீங்க” என்பது பாட்டி கட்சி. “ஏபிசிடி முழுசாச் சொல்றாளே, அதை யாரு சொல்லிக் கொடுத்தா?” என்பது அம்மா கட்சி. இரண்டு கட்சியும் சண்டை போடுவது திரையில் ஆடும் பொம்மையைப் பற்றி. எனக்கு அதைவிடச் சின்னக் கேள்வி ஒன்று இருக்கிறது. இரண்டு நிமிடப் பாட்டுகளைக் கோத்து ஒரு மணி நேரச் சரமாகக் கட்டியது யார், எதற்காக? பதிலைத் தேடிப் போனால் இந்த வீடியோக்களைத் தயாரிக்கும் கம்பெனிகளின் வரவு செலவுக் கணக்கில் போய் நிற்போம்.

இந்தத் தொழிலில் உலக அளவில் பெயர் எடுத்த கம்பெனிகளில் ஒன்று சென்னையில்தான் இருக்கிறது: சூச்சூ டிவி. இசைக் குடும்பத்துப் பிள்ளையான வினோத் சந்தர், 2013-இல் தன் மகளுக்காக ஃப்ளாஷ் மென்பொருளில் ஒரு சிறுமி பொம்மையை வரைந்து ‘சப்பி சீக்ஸ்’ பாட்டுக்கு ஆட விட்டார். சூச்சூ என்பது அந்தக் குழந்தைக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர். மகள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். யூடியூபில் ஏற்றினார், சில வாரங்களில் பார்வைகள் லட்சக்கணக்கில் போயின. அடுத்து ‘ட்விங்கிள் ட்விங்கிள்’. அதுவும் பிய்த்துக்கொண்டு போக, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கம்பெனி ஆரம்பித்தார். 2014 மார்ச்சில் அவர்கள் ஏற்றிய ஃபோனிக்ஸ் பாட்டு 500 கோடிப் பார்வைகளைத் தாண்டி, யூடியூபில் மிக அதிகம் பார்க்கப்பட்ட வீடியோக்களின் வரிசையில் இடம் பிடித்தது.

500 கோடி என்றதும் மலைத்துப் போக வேண்டாம். உலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லாரையும் கூட்டினாலும் 70 கோடிக்குள்தான். ஒரே பிள்ளை நாற்பது தடவை பார்த்தால் நாற்பது பார்வை. பெரியவர்கள் ஒரு படத்தை இரண்டாம் முறை பார்த்தாலே பெரிய விஷயம். மூன்று வயதுக்காரருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதில்தான் சுவை. இன்னொரு வசதியும் இந்த வியாபாரத்தில் உண்டு. வாடிக்கையாளர் வளர்ந்து போய்விடுவார், ஆனால் புது வாடிக்கையாளர் தினமும் பிறந்துகொண்டே இருப்பார். பத்து வருடத்துக்கு முந்தைய வீடியோ பழசு என்று இன்று பிறந்த குழந்தைக்குத் தெரியாது. வால்ட் டிஸ்னி கம்பெனி தன் பழைய கார்ட்டூன் படங்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுவந்ததும் இதே கணக்கில்தான்.

கச்சாப் பொருளும் இலவசம். ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ பாட்டின் வரிகளை ஜேன் டெய்லர் என்ற ஆங்கிலப் பெண் வெளியிட்டது 1806-இல். அதற்கு இன்று யாருக்கும் உரிமைத்தொகை கொடுக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் பாடலாம், படம் வரையலாம். அப்படி வரைந்த பொம்மைக்கும் செய்த ஒலிப்பதிவுக்கும் மட்டும் புதிதாகக் காப்புரிமை பிறக்கிறது. சொத்து என்பது பாட்டல்ல, முகம். இந்த முகத்துக்காகக் கோர்ட்டுக்கும் போயிருக்கிறார்கள். கோகோமெலன் என்ற சேனலின் பொம்மைக் குழந்தையைப் போலவே இன்னொரு குழந்தையை உலவவிட்ட சீனக் கம்பெனி பேபிபஸ்ஸுக்கு எதிராக, 2023-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். விதித்த இழப்பீடு 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல்.

இனி வருமானம். யூடியூபில் ஒரு நீள வீடியோவின் மேல் விளம்பரம் ஓடினால், அந்தப் பணத்தில் 55 சதவீதம் வீடியோ போட்டவருக்கு, மீதி யூடியூபுக்கு. விளம்பரம் எத்தனை முறை வரும் என்பது எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2012 வரை யூடியூப் எந்த வீடியோவை முன்னால் தள்ளுவது என்று தீர்மானிக்கப் பெரும்பாலும் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று பார்த்தது. கவர்ச்சியான படத்தை முகப்பில் வைத்து ஏமாற்றுகிறவர்கள் பெருகியதும், அந்த வருடம் அளவுகோலை மாற்றியது: எத்தனை நிமிடம் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதுதான் இனி கணக்கு. நோக்கம் நல்லதுதான். ஆனால் விதி மாறியதும் தையல்காரர்களும் அளவை மாற்றிக்கொண்டார்கள். இரண்டு நிமிடப் பாட்டு முடிந்தால் பார்ப்பவர் எழுந்து போக ஒரு வாசல் திறக்கிறது. பத்துப் பாட்டை ஒட்டிவிட்டால் வாசலே இல்லை. சூச்சூ டிவியின் மிகப் பிரபலமான வீடியோக்களில் ஒன்றின் தலைப்பே ‘ஜானி ஜானி யெஸ் பாப்பா அண்ட் மெனி மோர் வீடியோஸ்’. அந்த ‘இன்னும் பல வீடியோக்கள்’ என்ற ஒட்டில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. அந்தத் தொகுப்பு 150 கோடிப் பார்வைகளைத் தாண்டியது.

வீடியோ போட்டவருக்கு யூடியூப் ஒரு வரைபடமும் கொடுக்கிறது. வீடியோவின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் கோடு அது. எந்த இடத்தில் கோடு சரிகிறதோ அந்த இடத்தை அடுத்த முறை மாற்றிவிடலாம். அமைதியாக ஒரு மரத்தைக் காட்டும் நான்கு நொடிகள் இந்தக் கோட்டின் முன் பிழைத்திருப்பது கஷ்டம்.

இதன் உச்சத்தைப் பார்க்க லண்டனுக்குப் போக வேண்டும். அங்கே 2018-இல் தொடங்கிய மூன்பக் என்ற கம்பெனி, பாட்டு எழுதி முன்னுக்கு வரவில்லை; ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த குழந்தைச் சேனல்களை விலைக்கு வாங்கி வளர்ந்தது. லிட்டில் பேபி பம், பிறகு 2020-இல் கோகோமெலன், பிளிப்பி. வாங்கிய சேனல்களின் பூர்வ கதைகளை அடுக்கிப் பார்த்தால் சூச்சூ டிவி கதையேதான். லிட்டில் பேபி பம் ஒரு லண்டன் தம்பதி ஆரம்பித்தது. கோகோமெலன் கலிஃபோர்னியாவில் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளை வைத்துத் தொடங்கியது. பிளிப்பி, தன் உடன்பிறந்தவரின் பிள்ளை பார்க்கும் மட்டமான வீடியோக்களைக் கண்டு ஒருவர் தானே தொப்பி மாட்டிக்கொண்டு இறங்கியது. எல்லாமே வீட்டுப் பிள்ளைக்காகச் செய்தவை. 2021 நவம்பரில் மூன்பக் கைமாறியபோது விலை சுமார் 300 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 22,000 கோடி ரூபாய்.

அந்தக் கம்பெனியின் சோதனை அறை ஒன்றைப் பற்றி 2022-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. குழந்தையை உட்காரவைத்து வீடியோ போடுகிறார்கள். சில அடி தள்ளிச் சின்னத் திரை ஒன்று. அதில் அன்றாட வாழ்க்கைக் காட்சிகள், சுவாரசியமே இல்லாதவை, ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை வீடியோவை விட்டு அந்தச் சின்னத் திரைப் பக்கம் திரும்பினால் உடனே குறித்துக்கொள்கிறார்கள்: இந்த இடத்தில் பிடி நழுவியது. கருவியின் பெயர் டிஸ்ட்ராக்டட்ரான். கேட்டதும் கோபம் வருகிறது, எனக்கும் வந்தது. ஆனால் நியாயமாகப் பேச வேண்டுமென்றால் இந்தக் கருவியின் தாத்தாவையும் சொல்லியாக வேண்டும்.

1969 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘செசமி ஸ்ட்ரீட்’ தொடங்கியது. ஏழைப் பிள்ளைகள் பள்ளியில் சேரும்போது எழுத்தும் எண்ணும் தெரியாமல் பின்தங்கிப் போகிறார்கள் என்ற கவலையில், அரசாங்கப் பணத்திலும் அறக்கட்டளைப் பணத்திலும் எடுத்த நிகழ்ச்சி. அதன் ஆராய்ச்சித் தலைவர் எட்வர்ட் பால்மர் செய்த ஏற்பாடு இது: டிவி பக்கத்தில் ஒரு ஸ்லைடு புரொஜெக்டர், ஏழெட்டு நொடிக்கு ஒரு படம் மாறும். பிள்ளையின் கண் டிவியில் இருக்கிறதா, ஸ்லைடில் இருக்கிறதா என்று ஒருவர் குறிப்பெடுப்பார். ஐம்பது வருடத்துக்கு முன்பே அதே கருவி! அப்படியானால் மூன்பக் மேல் மட்டும் ஏன் கோபம்?

பால்மரின் அறையில் அது முதல் கேள்வி. பிள்ளை பார்க்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு இரண்டாவது கேள்வி ஒன்று காத்திருந்தது: பார்த்ததில் எதைக் கற்றுக்கொண்டது? எந்த எழுத்து, எந்த எண், எந்த வயதுக்கு என்று 1968-லேயே கல்வியாளர்களை உட்காரவைத்துப் பட்டியல் போட்டிருந்தார்கள். நிகழ்ச்சி ஓடிய பிறகு, வெளி நிறுவனம் ஒன்றைக் கொண்டு பிள்ளைகளைச் சோதித்தும் பார்த்தார்கள். பிள்ளைகளைப் பிடித்து வைக்கவும் முடியாமல், கற்றுத் தரவும் முடியாமல் போன ஒரு துப்பறியும் கதைப் பகுதியைத் தொடங்கும் முன்பே தூக்கி எறிந்தார்கள். விளம்பரத்துக்கு இடமில்லாததால் பிள்ளை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் அவர்களுக்கு லாபமும் இல்லை. இன்றைய கம்பெனிகளிலும் கல்வி ஆலோசகர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. சம்பளம் தரும் கேள்வி எது என்பதில்தான் வித்தியாசம். நிமிடத்துக்குப் பணம் வரும் இடத்தில் முதல் கேள்வியே கடைசிக் கேள்வியாகிவிடுகிறது. ஒரு தகப்பன் தன் மகளுக்குப் படம் போட்டபோது அவள் கண்ணைக் கசக்கினால் அவருக்குத் தெரிந்திருக்கும், நிறுத்தியிருப்பார். கோட்டுப் படத்தில் கண்ணைக் கசக்குவது தெரியாது. அதுவும் பார்வை நேரம்தான்.

சட்டம் என்ன செய்தது? 2019 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையமும் நியூயார்க் மாநிலமும் கூகுளுக்கும் யூடியூபுக்கும் 17 கோடி டாலர் அபராதம் விதித்தன. பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியில்லாமல் சேகரித்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது குற்றம். அந்த வழக்கில் வெளிவந்த ஒரு விஷயம் ருசியானது: பொம்மைக் கம்பெனிகளிடம் போய் “பிள்ளைகள் பார்ப்பது எங்களிடம்தான்” என்று பெருமையடித்த யூடியூப், இன்னொரு விளம்பர நிறுவனத்திடம் “எங்களிடம் சின்னப் பிள்ளைகளே இல்லை” என்றிருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து, ஒவ்வொரு வீடியோவும் குழந்தைகளுக்கானதா இல்லையா என்று போடுபவரே அறிவிக்க வேண்டும். ஆம் என்றால், பார்ப்பவரைப் பின்தொடர்ந்து வரும் விளம்பரம் கிடையாது. கருத்துப் பகுதியும் மூடப்படும். பாராட்டவோ திட்டவோ தாய்மார்களுக்கும் அங்கே இடமில்லாமல் போனது தனி.

விளம்பரத்தில் இரண்டு வகை என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கல்யாண மண்டபத்துக்கு எதிரே பூக்கடை போடுவது ஒரு வகை. இங்கே வருபவர்களுக்குப் பூ வேண்டியிருக்கும் என்பது மட்டும்தான் கடைக்காரருக்குத் தெரியும். நீங்கள் போன மாதம் எங்கே போனீர்கள், என்ன வாங்கினீர்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வீடுவரை கூடவே வருபவர் இரண்டாம் வகை. குழந்தை வீடியோக்களில் தடை இரண்டாம் வகைக்கு மட்டும். அந்த வகைக்குத்தான் விலை அதிகம். ஆக, நிமிடத்துக்குக் கிடைக்கும் பணம் குறைந்தது. குறைந்த பணத்தை ஈடுகட்ட ஒரு வழி, இன்னும் அதிக நிமிடங்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த சட்டம் சரத்தை நீளமாக்கவும் ஒரு காரணம் கொடுத்தது. பெரிய கம்பெனிகள் பொம்மை, சட்டை, நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம் என்று வேறு பக்கம் தாண்டிக் குதித்தன. இரண்டு அறையில் ஆறு பேர் வைத்து நடத்தியவர்களுக்கு அந்த வசதி இல்லை. இந்தியாவில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. பதினெட்டு வயது வரை எல்லாரும் குழந்தைகள். அவர்களைப் பின்தொடரவும் குறிவைத்து விளம்பரம் செய்யவும் கூடாது. கடமைகள் படிப்படியாகத்தான் அமலாகின்றன.

பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதில் வதந்தி நிறைய. இன்ன கார்ட்டூன் போதை மருந்துக்குச் சமம் என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு ஆதாரம் இல்லை. ஆய்வுகள் சொல்வது அடக்கமானது. 2011-இல் அமெரிக்காவில் நான்கு வயதுப் பிள்ளைகள் அறுபது பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒன்பது நிமிடம் அதிரடிக் கார்ட்டூன் பார்த்தவர்கள், உடனே அதன்பின் கொடுத்த பொறுமை வேண்டும் வேலைகளில் பின்தங்கினார்கள். படம் வரைந்துகொண்டிருந்தவர்கள் பின்தங்கவில்லை. வேகத்தைவிட, நடக்கவே முடியாத விஷயங்கள் நடப்பதுதான் பிள்ளை மூளையைக் களைப்பாக்குகிறது என்று அதே ஆய்வாளர்கள் பிறகு கண்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2003-இல் பட்ரீஷியா கூல் குழுவினர் செய்த ஆய்வு. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள், பன்னிரண்டு முறை. குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் அதே பேச்சைப் பேசிய வீடியோவைப் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. ஏபிசிடி ஒப்பிக்கும் நம் வீட்டுப் பிள்ளை இரண்டரை வயது, ஒன்பது மாதம் அல்ல. அதனால் அம்மா கட்சியும் முழுத் தோல்வி இல்லை. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் 2021 பரிந்துரை. நான் பார்த்த அந்த ஒரே வீடியோ முழுதாக ஓடினால் அன்றைய படியைத் தீர்த்து மூன்று நிமிடக் கடனும் வைக்கும்.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூச்சூ டிவிக்கும் பெங்களூரு இன்ஃபோபெல்ஸுக்கும் தமிழ்ச் சேனல்கள் உண்டு. இந்தத் தொழிலில் செலவெல்லாம் படம் வரைவதில், குரல் மலிவு. எனவே பொதுவாக ஒரே படத்தைப் பல மொழிகளில் பாடவைக்கிறார்கள். ஆங்கில மெட்டுக்கு வரைந்த வாயசைவில் தமிழ்ச் சொல்லைத் திணிக்கும்போது குறில் நெடிலாகிறது, நெடில் குறிலாகிறது. பொங்கலைப் பற்றிப் பாடும் தமிழ்ப் பிள்ளைக்குப் பின்னால் சிவப்புக் களஞ்சியமும் பனியும் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தமிழில் குழந்தைப் பாடல்கள் எழுதிய கவிமணி மறைந்தது 1954-இல். இந்தியச் சட்டப்படி அறுபது ஆண்டு கழிந்து அவர் பாடல்கள் பொதுச்சொத்து. ஜேன் டெய்லரைப் போல அவரும் இலவசம்தான். அவருக்காக ஒரு வேப்பமரத்தை முதலிலிருந்து வரைய யாராவது பணம் போட வேண்டும், அவ்வளவே.

வீட்டில் செய்யக்கூடியது என்ன என்று தங்கை கேட்டாள். அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்தும் பொத்தான் யூடியூபில் இருக்கிறது. ஆனால் அதை அணைத்தும் பயனில்லை என்று அவள் புலம்பியது சரி. ஒரு மணி நேரத் தொகுப்பு என்பது பொத்தானைப் பொறுத்தவரை ஒரே வீடியோ. தொகுப்பைத் தொடாமல் தனிப்பாட்டாகத் தேட வேண்டும். யூடியூப் கிட்ஸ் செயலியில் நேரக்கெடு வைக்கலாம். நாம் அனுமதித்த வீடியோக்கள் மட்டும் வரும்படியும் செய்யலாம். அந்த அமைப்பைத் தேடி எடுக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

அதோடு இன்னொன்றும் செய்தோம். எங்கள் அம்மாவை உட்காரவைத்து, யானையைப் பற்றி அவள் பாடும் பழைய பாட்டைப் போனில் படம் பிடித்தோம். 1 நிமிடம் 40 நொடி. முடிந்ததும் திரை அப்படியே நிற்கிறது. மறுபடி வேண்டுமென்றால் மகள் தானே அமுக்க வேண்டும்; அமுக்குகிறாள். நடுவில் பாட்டிக்கு ஓர் இருமல் வருகிறது. இப்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் சாதத்தை விழுங்கிவிட்டு இவளும் இருமுகிறாள்.